போட்டோ லைன்

அந்தப் பெண் இன்னும் டிரயல் ரூமை விட்டு வெளியே வரவில்லை. ஒரு குர்த்தாவை மாட்டிப் பார்க்க இவ்வளவு நேரமா, இல்லை எனக்குத்தான் இவ்வளவு நேரமாகத் தெரிகிறதா. கதவுக்குக் கீழே இருக்கிற சந்தில் அவள் பாதங்கள் தெரிகின்றன. ஒரு காலில் மட்டும் கொலுசு, இதுவும் இப்போது ஸ்டைல் போலிருக்கிறது. பாதங்கள் இந்தப் பக்கம் திரும்புகின்றன, அந்தப் பக்கம் திரும்புகின்றன. திரும்பட்டும், நல்லதுதான், பிடிக்காத துணியை யாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதில்லை, கழற்றி எறிந்துவிட்டு வந்துவிடுவார்கள். எடுத்துக்கொள் கண்ணு. உனக்குப் பொருந்தும். அந்த மஞ்சள் எல்லாருக்கும் பொருந்தாது, உன் நிறத்துக்குப் பொருந்தும். நான் சுவரோரம் போட்டிருக்கிற மூங்கில் ஸ்டூலில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறேன். எதிர்ச் சாரியில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், ‘ரெடியாக ஒரு மணி நேரம் ஆகுமுங்க, டீ கீ குடிச்சிட்டு வாங்க’ என்றார். டீ குடிக்கப் போகிறவள் மாதிரிதான் படியிறங்கினேன். கால் நேராக இங்கே வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, கால் ஒன்றும் தானாக வரவில்லை. கண்ணாடியைத் திருப்பூரிலேயே போட்டிருக்கலாம், பஸ் ஏறிக் கோயமுத்தூர் வந்து ஆர்.எஸ்.புரம் தேடி வந்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கடையைப் பார்க்கத்தான் வந்தேன். அந்தப் பெண் மாட்டிப் பார்க்கிற குர்த்தாவில் ஒரு அட்டை தொங்குகிறது, அந்த அட்டையில் இருக்கிற மூஞ்சி என்னுடையது.

அட்டையில் என் போட்டோவும் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரியும் இருக்கும். என் பெயர் சாந்தாமணி, இந்த உடையை உங்களுக்காகத் தைத்தது நான்தான் என்று போட்டிருக்கிறதாம், சூப்பர்வைசர் ரத்தினசாமி அண்ணன் படித்துச் சொன்னார். கம்பெனியில் எங்கள் லைனில், அதாவது எங்கள் தையல் வரிசையில், எல்லாருக்கும் இப்படி அட்டை உண்டு, அதனால்தான் மற்ற லைன்காரர்கள் எங்களைப் போட்டோ லைன் என்பார்கள். என்ன போட்டோ லைன், இன்னைக்கு மேக்கப் போடலையா என்று சாப்பாட்டு நேரத்தில் கிண்டல் வேறு. உண்மையைச் சொன்னால் நான் கை மட்டும்தான் இணைப்பேன். கழுத்து ஒருத்தி, பக்கவாட்டு ஒருத்தி, கீழ்மடிப்பு ஒருத்தி, பட்டன் இன்னொருத்தி. எந்தத் துணியில் யார் அட்டை வரும் என்று யாருக்கும் தெரியாது, பேக்கிங்கில் கைக்கு வந்ததைக் கோத்து விடுவார்கள். நான் கை வைக்காத கையில்லாத டாப்பில்கூட என் மூஞ்சி தொங்கியிருக்கும். போட்டோ எடுக்க வந்த பையன் ஊசியும் நூலும் கையில் கொடுத்து, அதைக் கோக்கிற மாதிரி பாருங்கக்கா என்றான். கை ஊசி பிடித்து எத்தனை வருசம் ஆச்சு, நூல் காதுக்குள் போகவே இல்லை, அப்போதே கண் போய்விட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. நூல் போகாமல் நான் சிரித்தேன், அந்தச் சிரிப்பைத்தான் பிடித்துவிட்டான். வீட்டுக்காரரிடம் அட்டையைக் காட்டினபோது அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘உசுரோட இருக்கறப்பவே உன்ற போட்டோவ மாட்டிப் போட்டாங்களே, மாலை எங்க’ என்றார். சிரித்துத் தொலைத்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாமனார் போட்டோவைப் பார்த்தபோது என்னமோ போலத்தான் இருந்தது. மாட்டின போட்டோ என்றால் அது போனவர்கள் போட்டோதானே. எந்தெந்தக் கடையில் எந்தெந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறேனோ. இங்கே வந்ததும் முதலில் அதைத்தான் தேடினேன். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் மூஞ்சி கலங்கிப் போகிறது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால்தான் அது நான் என்றே தெரிகிறது. கடைப் பெண்ணுக்கு அதுவும் தெரியவில்லை. வாங்கக்கா, பாருங்க என்று தண்ணீர் கொடுத்தாள். சட்டையில் பெயர் குத்தியிருக்கிறாள், ஜெனிஃபர் என்று நினைக்கிறேன். அவள் தெரிந்துகொண்டுவிடக் கூடாதே என்று இருந்தது, அவள் தெரிந்துகொள்ளவில்லையே என்றும் இருந்தது.

பாதங்கள் நின்றுவிட்டன. ஏன் நின்றன? விலையைப் பார்க்கிறாள். எனக்குத் தெரியும், அட்டையின் பின்பக்கம்தான் விலை, முன்பக்கம் நான் பின்பக்கம் விலை. நான் உட்கார்ந்ததிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான், முதலில் துணியைத் தடவுகிறார்கள், பிறகு அட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அப்புறம் அட்டையைத் திருப்புகிறார்கள், திருப்பினதும் சிரிப்பு நிற்கிறது. ரத்தினசாமி அண்ணன் வெள்ளிக்கிழமை மெசினை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். ‘கோயமுத்தூர் கடையில சரக்கு நகரவே மாட்டேங்குது. இந்த மாசம் நகரலைன்னா கடைக்காரங்க மறு ஆர்டர் கொடுக்க மாட்டாங்க. முதலாளியும் எத்தனை நாளைக்குத் தாங்குவாரு. போட்டோ லைனை எடுத்துட்டு உங்களைய மத்த லைன்லயே சேர்த்துருவோம்’ என்றார். மற்ற லைன் என்றால் ஒன்றரை ஷிப்ட். காலையில் போனால் ராத்திரிதான். வேலை கொடுப்பதையே பெரிய உபகாரம் மாதிரி சொன்னார், பாவம் அவரும் என்ன செய்வார். கூடுதல் விலை வைத்து விற்கிற இந்தக் கடைக்காரர்களின் நிபந்தனைப்படி எங்கள் லைன் மட்டும்தான் அஞ்சரைக்கு மணியடித்ததும் எழுந்து போகலாம். பாத்ரூம் போக யாரிடமும் டோக்கன் கேட்க வேண்டாம், ஞாயிறு என்றால் ஞாயிறு. முதல் மாதம் அஞ்சரைக்கு எழுந்தபோது ஏதோ தப்புச் செய்த மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். கேட்டுக்கு வெளியே வந்தால் வெளிச்சம் இருந்தது. வெளிச்சத்தில் எங்கள் வீதியைப் பார்த்து எத்தனை வருசம்.

என் மகள் மிருதுளாவுக்கு வலது முன்னங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. நான் ஒன்றரை ஷிப்டில் இருந்தபோது, நாலாவது படிக்கிற பிள்ளை, பசித்தது, அப்பளம் பொரித்துச் சாப்பிடலாம் என்று எண்ணெய் வைத்திருக்கிறாள். அவர் டெம்போவோடு ஈரோடு போயிருந்தார். எனக்கு வந்த போனை வாட்ச்மேன் எடுத்து, லைன் ஓடுது, அப்புறம் சொல்றேன் என்று வைத்துவிட்டார். அப்புறம்தான் சொன்னார். பக்கத்து வீட்டு ரங்கநாயகியக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். நான் போனபோது பிள்ளை அழவில்லை, அப்பளம் நல்லாத்தான் வந்துச்சும்மா என்றாள். அதை நினைக்கக் கூடாது. நினைத்தால் இங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன். இப்போது ஆறரைக்குள் வீட்டில் இருக்கிறேன். பிள்ளை பள்ளிக்கூடக் கதை சொல்கிறது, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிறேன், எல்லாம் கேட்பதில்லை, பாதி கேட்கிறேன், அவள் ‘அம்மா கேக்கறயா இல்லையா’ என்று அதட்டுகிறாள். அந்த அதட்டல் எனக்கு வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குர்த்தா போனதும் லைன் நின்றுவிடப் போகிறதா என்ன, அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றாவது போகட்டும். என் கண்ணெதிரில் ஒன்றே ஒன்று பில் போடட்டும், நான் நிம்மதியாகக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

ஏனென்றால் வந்ததிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாரும் புகழ்கிறார்கள். காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர், சூப்பர்ல, நல்ல விஷயம்ல என்றார்கள், ஒருத்தி என் அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் போனில் போட்டோ எடுத்தாள், போட்டோவை ஒரு போட்டோ, பிறகு போய்விட்டார்கள். பெரிய மனுசர் ஒருவர் சம்சாரத்தோடு வந்தார், ‘இந்த மாதிரி கடைக்குத்தாங்க நாம சப்போர்ட் பண்ணோணும்’ என்று ஜெனிஃபருக்கே பாடம் எடுத்துவிட்டுக் கைக்குட்டை விலை கேட்டார். வெளியே போகும்போது எல்லாருக்கும் ஒரே வார்த்தை. சும்மா பார்த்தேன். சும்மா பார்த்தோம். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா பார்க்க இதென்ன பொருட்காட்சியா. அந்தப் பிள்ளை ஜெனிஃபரும் பரவாயில்லைங்க, இன்னொரு நாள் வாங்க என்று ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள், அவள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சிரிப்பையும் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள் போலிருந்தது. இவர்கள் கட்டியிருக்கிற வாட்ச் என்ன, கையில் வைத்திருக்கிற காபி டம்ளர் என்ன. கொடுக்க முடியாதவர்கள் இல்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான். இப்படி நினைத்துக்கொண்டு வரும்போதே தீபாவளி ஞாபகம் வந்து தொலைத்தது. திருப்பூர் காதர்பேட்டை மலிவுக் கடையில் மிருதுளாவுக்குச் சுடிதார் எடுத்தேன். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், கடைக்காரரிடம் மல்லுக்கு நின்று, போகிற மாதிரி பத்தடி போய்த் திரும்பி வந்து, கடைசியில் அவர் போங்கக்கா எடுத்துட்டுப் போங்க என்று அலுத்துக்கொண்டு கொடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். அதை எவள் தைத்தாள், அவள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாள் என்று ஒரு நிமிசம் நினைத்தேனா? அந்தச் சுடிதாருக்கும் ஒருத்தி கை இணைத்திருப்பாள். அது வேறு, இது வேறு, என்னிடம் காசு இல்லை, இவர்களிடம் இருக்கிறது. சரி, இருந்திருந்தால்? அதை விடு, கதவு திறக்கிறது.

வந்துவிட்டாள். பெரிய கண்ணாடி முன்னால் நிற்கிறாள். நான் சொன்னேன் அல்லவா, அந்த மஞ்சள் அவளுக்கு அவ்வளவு பாந்தம். தோள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, கை தூக்கும்போது எங்கேயும் இழுக்கவில்லை, அது என் கையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என் அட்டை அவள் கக்கத்தோரம் ஆடுகிறது. போனை எடுத்து யாரிடமோ பேசுகிறாள், அக்காவோ தங்கையோ. ‘நல்லா இருக்குடி. நெசமாலுமே நல்லா இருக்கு. விலைதான்… ஆமா, ஆனா யோசிச்சுப் பாரு, தைக்கறவங்களுக்கு ஒழுங்காச் சம்பளம் குடுக்கறாங்களாம், நைட் வேலை கிடையாதாம். நாமளே வாங்கலைன்னா வேற யாரு வாங்குவா.’ எனக்கு அப்படியே எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நாமளே வாங்கலைன்னா வேற யாரு. தங்கமே, நீ நல்லா இருக்கோணும். ஜெனிஃபரும் காது கொடுத்துக்கொண்டு பில் மெசின் பக்கம் நகர்கிறாள். அந்தப் பெண் ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றும்போது பின்பக்கம் கீழ்மடிப்பில் ஒரு பிசிறு தொங்குவது தெரிந்தது. கிட்டத்தில் இருப்பதுதான் எனக்குக் கலங்கும், எட்டத்தில் நன்றாகத் தெரியும். ஒரு விரல் நீளத்துக்கு நூல். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே பிசிறு வெட்டத்தான், பாவாடை தாவணியில் வந்து தரையில் குவியல் முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் பிசிறு வெட்டியிருக்கிறேன், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டையில் பிசிறு தெரிந்தால்கூட எனக்கு மேடையில் வேறு எதுவும் தெரியாது. யோசிக்கவே இல்லை. எழுந்து போய், அவளுக்குப் பின்னால் குனிந்து, நூலை விரலில் சுற்றி, கத்தரி இல்லை, பல்லால் கடித்துத் துப்பிவிட்டேன்.

அவள் துள்ளித் திரும்பினாள். ‘அய்யோ, என்னங்க பண்றீங்க?’ அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. பிசிறுங்க என்றேன். ‘பிசிறுன்னா? டேமேஜா?’ இல்லீங், இல்லீங், டேமேஜ் இல்லீங், சும்மா நூலுங்க, வெட்டுனாப் போச்சுங்க என்று உளறினேன். அவள் கீழ்மடிப்பைத் தூக்கிப் பார்க்கிறாள், உள்பக்கம் பார்க்கிறாள், இப்போது ஒவ்வொரு தையலையும் பார்க்கிறாள், இதுவரை பார்க்காதவள். ‘இவ்வளவு விலை போட்டுட்டு இதைக்கூடப் பாக்க மாட்டாங்களா’ என்கிறாள். ஜெனிஃபர் ஓடி வந்தாள். வேறு பீஸ் இருக்கா என்று கேட்டதற்கு, இந்த அளவில் இது ஒண்ணுதாங்க மேம் இருக்கு என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்தாள், நியாயமான பார்வைதான். கடவுளே, என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா, பல்லை வைத்துக்கொண்டு. வாங்க இருந்தவளை நானே கலைத்துவிட்டேன். அவள் இப்போது என்னைக் கவனித்துப் பார்க்கிறாள். ‘நீங்க இங்க வேலை செய்யறீங்களா?’ என் மூஞ்சி அவள் கக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது, சிரித்துக்கொண்டு, நூல் கோத்துக்கொண்டு. ஒரு விரலை நீட்டி அதைக் காட்டினால் போதும். இது நான்தானுங்க என்றால் போதும். உடனே வாங்கிவிடுவாள். வாங்காமல் எப்படிப் போவாள், நேருக்கு நேர் நிற்கிறேனே. ஆனால் அது வாங்கினதாகுமா, பஸ் ஸ்டாண்டில் கை நீட்டுகிறவர்களுக்குச் சங்கடத்தில் காசு போடுகிற மாதிரி ஆகிவிடும். கடைக்காரர்களே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால்? நீங்கதானே தைச்சீங்க, பிசிறை ஏன் விட்டீங்க என்று கேட்டால்? நான் கை மட்டும்தானுங்க, கீழ்மடிப்பு வேற ஆளுங்க என்றா சொல்வேன்? அட்டையில் நான்தான் தைத்தேன் என்று போட்டிருக்கிறதே. அட்டை பொய் என்று நானே என் வாயால் சொல்வதா? எங்கள் லைனே அந்த அட்டையில்தான் தொங்குகிறது. இல்லீங், நானும் துணி எடுக்கத்தான் வந்தேன் என்றேன்.

அவள் முகம் உடனே இளகிவிட்டது. நானும் அவள் ஜாதி ஆகிவிட்டேன், துணி எடுக்க வந்த ஜாதி. ‘அப்ப நீங்களே சொல்லுங்க அக்கா. பாத்தாத் துணியைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்களாட்ட இருக்கீங்க. இதுக்கு இந்த விலை குடுக்கலாமா?’ விட்டதைப் பிடித்துவிடலாம் என்று எனக்கு உயிர் வந்தது. குடுக்கலாமுங்க, தாராளமாக் குடுக்கலாம், கை இணைச்ச தையலைப் பாருங்க எவ்வளவு கெட்டி, எத்தனை தடவை துவைச்சாலும் பிரியாதுங்க, சாயம் போகாதுங்க, பாவம், தைக்கறவங்களும் நேரத்துக்கு வீட்டுக்குப் போவாங்களாமுங்க என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். அப்புறம் கேட்டாள். ‘நீங்களா இருந்தா இதை வாங்குவீங்களா?’ நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் காதர்பேட்டை ஞாபகம் வந்திருக்கும். வாங்குவேனுங்க என்றேன், கேட்டு முடிக்கும் முன்னாலேயே. அவள் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. குர்த்தாவைக் கையில் மடித்துப் பிடித்திருந்தாள், எனக்குப் பில் மெசின் சத்தமே கேட்கிற மாதிரி இருந்தது. நேராக என்னிடம் வந்து அதை என் இரண்டு கையிலும் வைத்தாள். ‘நீங்களே எடுத்துக்கங்கக்கா. உங்களுக்குத்தான் இதோட மதிப்பு தெரியுது. நான் எடுத்தா நாலு தடவை போட்டுட்டு மூலையில போட்டுருவேன்.’ மனசாரத்தான் சொன்னாள். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி அவள் முகத்தில் இருந்தது, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். கதவருகில் ஜெனிஃபரிடம், சும்மா பாத்தேங்க, இன்னொரு நாள் வர்றேன் என்றாள்.

குர்த்தா என் கையில் இருக்கிறது. அவள் உடம்புச் சூடு இன்னும் துணியில் இருக்கிறது. அட்டை மேலாகக் கிடக்கிறது, கிட்டத்தில் இருப்பதால் என் மூஞ்சி கலங்கலாகத் தெரிகிறது, யாரோ ஒருத்தி எதற்கோ சிரிக்கிறாள். ஜெனிஃபர் வந்து, ‘அக்கா, உங்களுக்கும் அளவு சரியா இருக்கும்க்கா. பில் போட்டுரலாமா?’ என்கிறாள். அவளுக்கும் இன்றைக்கு ஒன்றாவது போக வேண்டும், கேட்கிற விதத்திலேயே தெரிகிறது. பர்ஸில் இருப்பது கண்ணாடிக்குக் கட்ட வேண்டிய மீதி. கண்ணாடி இல்லாவிட்டால் கை இணைக்க முடியாது, போன வாரமே இரண்டு பீஸ் பிரித்துத் தைத்தேன், ரத்தினசாமி அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார். பணத்தை இங்கே கொடுத்துவிட்டால் கண்ணாடி இல்லை, கண்ணாடி இல்லாவிட்டால் லைன் இருந்தும் எனக்கென்ன. சரியான காரணம்தான். யாரிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் போன பெண்ணிடமும் இந்த மாதிரி ஒரு சரியான காரணம் இருந்திருக்குமோ, கைக்குட்டை விலை கேட்ட பெரிய மனுசரிடமும் இருந்திருக்குமோ என்று இப்போது போய்த் தோன்றுகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மிருதுளாவின் கை கண் முன்னால் வருகிறது, அந்தத் தழும்பு மட்டும் கலங்காமல் தெரிகிறது. ஜெனிஃபர் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் குர்த்தாவை உதறி, தோள் தோளோடு சேர்த்து, அட்டை வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி ஹேங்கரில் மாட்டி, இருந்த கம்பியிலேயே வைத்தேன். இல்லீங் கண்ணு, சும்மா பாத்தேன் என்றேன். அவள் சிரித்தாள். பரவாயில்லைங்க, இன்னொரு நாள் வாங்க என்றாள்.